360 கிராம் என்று எழுதி வந்த ஃபிளானல்

துணி காளபாதேவி கடைக்கு வந்துவிட்டது. சுங்கத்திடம் கொடுத்த வங்கி உத்தரவாதம் இன்னும் திரும்பவில்லை. டெமரேஜ் (சரக்கு தேங்கியதற்கான கிடங்கு வாடகை) கட்டிய பணம் போனது போனதுதான். மும்பையில் கம்பளி சூட் துணி இறக்குமதி செய்கிற, செய்ய நினைக்கிற நம் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வந்தது இத்தாலி மில் ஒன்றின் முழுக் கம்பளி ஃபிளானல் (மேலே மென்மயிர் எழுப்பிய சூட் துணி), கூடவே கொஞ்சம் கலப்புத் துணி. தாக்கல் செய்வது வரை ஒரு சிக்கலும் இல்லை. என் சுங்க ஏஜென்ட் செம்பூரில் இருக்கும் தூத்துக்குடிக்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். காகிதங்களை சுங்கத்தின் ஆன்லைன் தளமான இ-சஞ்சித்தில் ஏற்றி, ஃபிளானலுக்கு சுங்க வகைப்பாட்டு எண் (ஹெடிங்) 5112 என்று போட்டு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி அறிவிப்பு, தாக்கல் செய்தார். சரக்கு சஹார் ஏர் கார்கோவில் இருந்தது. அப்புறம்தான் சுங்க அதிகாரியிடமிருந்து கேள்வி வந்தது.

"ஃபிளானல் என்பது கார்டட் கம்பளி, எடையும் 360 கிராம், ஆகவே 5111-இல் 300 கிராமுக்கு மேற்பட்ட பிரிவு. 5112 என்று போட்டது ஏன்?" இதுதான் அதன் சாரம்.

திருப்பூர், கோவைப் பக்கம் நூல் தொழிலில் இருந்தவர்களுக்கு கார்டிங் (இழையைச் சிக்கெடுப்பது), கோம்பிங் (மேலும் சீவிக் குட்டை இழையை நீக்குவது) இரண்டையும் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்தித் துணியை 5208, 5209 என்று பிரிக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. 200 கிராமுக்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி. கம்பளியில் முதல் கேள்வியே அதுதான். கார்டட் நூலில் நெய்தால் 5111, கோம்ப்டு நூலில் நெய்தால் 5112. கம்பளி 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்தது எடை. 5111-இல் எல்லை சதுர மீட்டருக்கு 300 கிராம், 5112-இல் 200 கிராம்.

இந்த "சதுர" என்ற சொல்லில்தான் முதல் அடி விழுந்தது. ஐரோப்பிய மில்கள் சூட் துணியின் எடையைப் பெரும்பாலும் ஓடும் மீட்டருக்குத்தான் (முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு) சொல்லும். எங்கள் துணியின் அகலம் 150 சென்டிமீட்டர். 360-ஐ 1.5-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 240 கிராம்தான். மில் இன்வாய்ஸில் "360 கிராம்" என்று மட்டும் அடித்து அனுப்பியிருந்தது. எந்த மீட்டருக்கு என்று ஒரு சொல் இல்லை. 240 கிராம் எவ்வளவு வம்பான எடை பாருங்கள்: கோம்ப்டு என்றால் 200-ஐத் தாண்டிய கனமான துணி, 5112 19. கார்டட் என்றால் 300-க்குக் கீழே நிற்கும் இலேசான துணி, 5111 11. இரண்டில் எதுவானாலும் அதிகாரி சொன்ன பிரிவு வராது.

கணக்கைப் போட்டு, மில்லின் விவரத்தாளையும் சேர்த்துப் பதில் அனுப்பினோம். எடையை ஒப்புக்கொண்டார்கள். கார்டட் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பிள் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. 2020-இல் வந்த முகம் காணா மதிப்பீட்டில் நம் கோப்பைப் பார்ப்பவர் வேறு ஊரில் உட்கார்ந்திருப்பார். துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "தொட்டுப் பாருங்கள் சார்" என்று சொல்ல வழியில்லை.

சோதனை அறிக்கை வந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நூறு சதவீதம் கம்பளி, நெய்த துணி, சதுர மீட்டருக்கு எடை இவ்வளவு. அவ்வளவுதான். கார்டட், கோம்ப்டு பற்றி ஒரு வரி இல்லை. வழக்கே அதைப் பற்றித்தானே? சோதனைக்கூடத்துக்கு நேரில் போய்க் கேட்டால், "மெமோவில் கேட்டதற்குத்தான் பதில் எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த குமாஸ்தா அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். டெஸ்ட் மெமோவை, அதாவது எதைச் சோதிக்க வேண்டும் என்று சுங்கம் எழுதி அனுப்பும் தாளை, வாங்கிப் பார்த்தால், கலப்பு விகிதமும் எடையும் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். சாம்பிள் எடுக்கும் அன்றே உங்கள் ஏஜென்ட் அந்த மெமோவைப் படித்துவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லையென்றால் அப்போதே எழுத்தில் கோர வேண்டும். பிறகு கேட்டால் மறு சோதனை, அதற்கு மறு வரிசை. டெமரேஜ் மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, இனி காத்திருந்தா துணி விலையைவிட வாடகை கூடிரும். பிரிவு 18-ல எழுதிக் கேப்போம்" என்றார் அண்ணாச்சி. சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தற்காலிக மதிப்பீட்டுக்கு இடம் தருகிறது. பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்தால் சரக்கை எடுத்துக்கொள்ளலாம், இறுதி முடிவு பிறகு. அதற்கும் முதலில் பதிலில்லை. விடாமல் நினைவூட்டல் அனுப்பி வாங்கினோம். சோதனை என்று கேட்ட அன்றே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதற்கு நடுவில் நான் ஒரு துண்டுத் துணியுடன் தானேயில் உள்ள வூல் ரிசர்ச் அசோசியேஷனுக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டது இது. ஃபிளானலின் மேலே எழுப்பிய மென்மயிரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கோம்ப்டு நூலில் நெய்துவிட்டு மேற்பரப்பை மட்டும் உராய்ந்து மென்மயிர் எழுப்புவதும் உண்டு, வர்ஸ்டட் ஃபிளானல் என்பது அதுதான். நூலை உருவி எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டை இழைகள் நீங்கி, நீள இழைகள் ஒரே திசையில் படிந்திருந்தால் கோம்ப்டு. குட்டையும் நெட்டையுமாகப் பல திசையில் பின்னிக் கிடந்தால் கார்டட். எங்கள் துணியின் நூலைப் பிரித்தபோது இழைகள் நேராகப் படிந்து கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த அறிக்கை சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனால் அதை இணைத்து அனுப்பிய பிறகுதான் மறு சோதனை மெமோவில் சரியான கேள்வி ஏறியது. பதிலும் கோம்ப்டு என்றே வந்தது. 5112 19 நிலைத்தது. அன்று அண்ணாச்சி எனக்கு முன்னால் ஸ்வீட் வாங்கிவிட்டார்.

வரி வித்தியாசத்துக்காகவா இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். தவறான ஹெடிங்கை ஒப்புக்கொண்டால் விவரம் பொருந்தாத சரக்கு என்று 111(எம்) பிரிவைக் காட்டலாம், அபராதமும் வரலாம். அடுத்தடுத்து வரும் சரக்குக்கெல்லாம் அதையே மேற்கோள் காட்டுவார்கள். உண்மையைச் சொல்லித் தாக்கல் செய்தவன் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

கலப்புத் துணி கேள்வியே இல்லாமல் போனது. அது அண்ணாச்சியின் கைவண்ணம். 45 சதவீதம் கம்பளி, 30 பாலியஸ்டர், 25 விஸ்கோஸ். இன்வாய்ஸில் "கம்பளிக் கலப்பு". கம்பளிதானே அதிகம், சுங்கக் கட்டணப் பட்டியலில் கம்பளிக்கான 51-ஆம் அத்தியாயம் என்று தோன்றும். ஆனால் பாலியஸ்டர், விஸ்கோஸ் இரண்டும் ஸ்டேபிள் இழை (குட்டையாக வெட்டிய செயற்கை இழை), இரண்டுக்கும் அத்தியாயம் 55. சேர்த்தால் 55 சதவீதம். முதலில் அத்தியாயத்தைத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலின் பதினோராம் பகுதியின் 2-ஆம் குறிப்பு சொல்கிறது. 55-க்குள் பாலியஸ்டர்தான் அதிகம், அதோடு முக்கியமாகக் கலந்தது கம்பளி. ஆக அது 5515 13.

இப்போது மில்லுக்கு எழுதியிருக்கிறேன்: எடை சதுர மீட்டருக்கும் ஓடும் மீட்டருக்கும் தனித்தனியாக, அகலம், கார்டட் அல்லது கோம்ப்டு, இழைவாரியாக எடைச் சதவீதம், எல்லாம் இன்வாய்ஸிலேயே வர வேண்டும், விவரத்தாளில் மட்டும் இருந்தால் போதாது. வெறும் ஃபிளானல் என்று எழுதக் கூடாது. கோடு போட்ட துணிக்கு "சாயமிட்டது" என்றும் எழுத வேண்டாம் என்றேன். பல நிற நூலில் நெய்தது சுங்கக் கணக்கில் வேறு வகை.

ஒரே துணியைத் தொடர்ந்து கொண்டுவரப் போகிறவர்கள் 28எச் பிரிவின்படி முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்பை வழங்கும் ஆணையம் மும்பையிலேயே இருக்கிறது. சட்டமோ விவரமோ மாறாதவரை தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். என் விண்ணப்பத்தை அண்ணாச்சி தயார் செய்துகொண்டிருக்கிறார்.