காபிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் பிறந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் போதும், இரண்டு கெண்டைக்காலுக்குள்ளும் என்னவோ நெளியும். வலி இல்லை. காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும். நடுராத்திரியில் ஹாலில் நடந்துகொண்டிருப்பேன். சேலத்திலிருந்து வந்திருந்த அம்மா, "வாயும் வயிறுமா இருந்தா அப்படித்தான்டி இருக்கும்" என்று நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள்.

பகலில் அழுகை. வாங்கி வந்த தக்காளியில் இரண்டு அழுகியிருந்ததற்கு ஒருநாள் அரை மணி நேரம் அழுதேன். "ஹார்மோன்" என்றார் கணவர். அப்போது காட்டிக்கொண்டிருந்த கிளினிக்கிலும் அதே சொல்தான். ஸ்கேன் நார்மல், அடுத்த மாசம் வாங்க. ஹார்மோன்தான், யார் இல்லை என்றது? எந்த ஹார்மோன் என்று ஒருத்தராவது பார்த்திருக்கலாம்.

வேறு டாக்டரிடம் போனேன். "மாத்திரையெல்லாம் எப்ப, எதோட போடறீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தைராய்டு குறைவு. காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கு. ஒன்றுகூட மறக்காது பாருங்கள். பின்னாலேயே அம்மாவின் ஃபில்டர் காபி. பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாதாம். 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, தைராய்டு மருந்தையும் தடுக்கும், இரும்பையும் தடுக்கும். போதாததற்குக் கர்ப்பத்தில் அந்த மருந்தின் தேவையே கூடும். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தைராய்டு குறையக் குறைய ஏறும் டிஎஸ்ஹெச் 6.8, அதை 2.5-க்குள் கொண்டுவர வேண்டும் என்றார். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. கால் நெளிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். நல்லெண்ணெய் என்ன செய்யும், பாவம்.

கிளம்பும்போது நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். போன 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று 10 கேள்விகள். எடின்பரோவில் உருவாக்கியது, பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்காக, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, மனசு சரியில்லாததால் தூக்கம் கெடுகிறதா. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு 'இல்லை' என்று குறித்துவிட்டேன். மற்றவற்றில் பொய் சொல்ல வரவில்லை. மொத்தம் 30-க்கு 14. "இது நோய்னு அர்த்தமில்ல, ஆனா பேசணும்" என்று டாக்டர் கவுன்சலிங்குக்கு எழுதினார்.

முதல் தேதி கிடைக்கப் பத்து நாளாயிற்று. நடுவில் ஒரு ராத்திரி மூச்சே முட்டியது. 14416-க்கு அடித்தேன். டெலி மனாஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ் கேட்டேன், தமிழிலேயே பேசினார்கள். பால்கனியில் உட்கார்ந்து இருபது நிமிஷம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை அந்தப் பெண். அடுத்த ரெண்டு மணி நேரம் என்ன செய்யப் போறீங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருந்தின் அளவைக் கூட்டி நேரத்தையும் பிரித்தபின், ஆறாவது வாரம் டிஎஸ்ஹெச் 2.3. கால் அடங்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. அழுகை முழுசாகப் போகவில்லை. ஆனால் தக்காளிக்கு அழுவதில்லை.

இப்போது ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, மத்தியானம் சாப்பிட்டதும் கால்சியம், ராத்திரி இரும்பு. டிகாஷன் ஐந்தரைக்கே இறங்கிவிடுகிறது. அம்மா டபராவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குடி."