அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகத் தெரிய வேண்டும்: டெரிட்டோரியல் ஆர்மி தேர்வு அனுபவம்

எனக்கு வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில், வேலை கோவையில். ஒரு கல்லூரியில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பகுதிநேர ராணுவப் படையின் அதிகாரித் தேர்வுக்கு நான் படித்ததெல்லாம் வேலந்தாவளம் வழியாகப் போகும் காலை பஸ்ஸில்தான். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படித்து இன்று வேலையில் இருக்கும் பலர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இது வேலை தேடுகிறவர்களுக்கான தேர்வு அல்ல. 18 முதல் 42 வயதுக்குள், ஏற்கெனவே சொந்த வருமானம் உள்ள பட்டதாரிகளுக்கானது. பயிற்சியிலோ பணியிலோ இருக்கும் நாட்களுக்கு மட்டுமே ராணுவச் சம்பளம். 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி இந்தப் படையைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து இதன் அடிப்படை ஒன்றுதான்: குடிமகன் தன் தொழிலை விடாமல் நாட்டுக்கும் நிற்க வேண்டும்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதியபோது பகுத்தறியும் திறன், கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம் என நான்கு பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் எடுக்க வேண்டும். கணக்கு பள்ளிப் பாடத்தைத் தாண்டவில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் நான் தினமும் நேரம் ஒதுக்கினேன்.

நான் தோற்றது புணேயில் நடந்த முதல்நிலை நேர்காணலில். "இரண்டு மாதம் நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் அலுவலகம் என்ன செய்யும்?" என்று ஒரு அதிகாரி கேட்டார். "நான் இல்லாமல் அங்கே ஒரு கோப்பும் நகராது சார்" என்றேன், பெருமையாக. தேர்வாகாததற்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தனக்கு அடுத்து ஒருவரைத் தயார் செய்யாதவரை நம்பி யார் ஒரு படைப்பிரிவை ஒப்படைப்பார்கள்?

அடுத்த முயற்சிக்கு முன் நான் திருத்தியது என் படிப்பை அல்ல, என் மேசையை. தேர்வுக் கட்டணம், சம்பளப் பட்டியல், தணிக்கை என ஒவ்வொரு வேலைக்கும் எந்தத் தேதியில் யார் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். இளநிலை உதவியாளர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, பத்து நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். முதல் மூன்று நாட்கள் போன் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. அந்த அமைதிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

அதன்பின் அந்த நேர்காணலைத் தாண்டி, எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்துக்குப் போனபோது பதற்றம் குறைந்திருந்தது. ஒரு சொல்லுக்கு 15 விநாடி என 60 சொற்களுக்கு வாக்கியம் எழுதும் சோதனை அங்கே உண்டு. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அந்த வேகத்தில் உதவாது. அலுவலகத்தில் உண்மையாகச் செய்ததுதான் கைக்கு வரும். தடைகளைக் குழுவாகக் கடக்கும் சோதனையில் உரக்கப் பேசியவர்களைவிட, பலகையையும் கயிற்றையும் யாரிடம் கொடுப்பது என்று பார்த்தவர்களே குழுவை அக்கரை சேர்த்தார்கள்.

நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுக்குள் டேராடூனில் மூன்று மாதப் பயிற்சி. பணிக்கு அழைத்தால் இன்னும் நீளும். இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். ராணுவப் பணிக்குச் சென்று திரும்புபவரை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் சொல்கிறது. ஆனாலும் சட்டத்தை முதலில் நீட்டினால் மனம் கசந்துவிடும். முதல் முறை அந்தத் தவறையும் செய்தேன். இரண்டாம் முறை நோட்டை நீட்டினேன். கல்லூரி முதல்வர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "சேர்க்கை மாதத்தில் மட்டும் போகாதபடி பாருங்கள்" என்றார்.

முகாம் தேதி நம் கையில் இல்லை என்பதையும் அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.