பத்து லட்சத்துக்குள்ளே ஒரு துள்ளல் வண்டி

அக்கா மகன் கார் வாங்கப் போகிறான். வேலை சென்னையில், வீடு மன்னார்குடி பக்கம், லீவு கிடைத்தால் ஊருக்குத்தான் வருவான். அவனுக்கு வேண்டியது மிதித்தால் துள்ளுகிற ஒரு சின்ன வண்டி. அத்தானுக்கு வண்டி உசரமாக இருக்க வேண்டும், வயலுக்குப் போகும் மண் ரோட்டில் அடி தட்டக் கூடாது. அக்காவுக்கு முட்டி வலி, ஏறி இறங்கச் சுலபமாக இருந்தால் போதும். மூன்று பேரும் தனித்தனியாக எனக்குப் போன் போட்டு "நீ சொன்னா கேப்பாங்க" என்கிறார்கள். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் பணம். பையன்கள் இணையத்தில் எக்ஸ் ஷோரூம் விலையை, அதாவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலையைப் பார்த்துவிட்டு "பத்து லட்சம்தான் மாமா" என்று வந்து நிற்பார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பத்து லட்சத்தில் ஒரு கோடு இருக்கிறது. 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை மாற்றியதிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது வரைக்கும் 18 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 9.90 லட்சம் வண்டிக்குச் சாலை வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் மட்டும் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. அதோடு பத்து லட்சத்துக்கு மேல் போனால் கடைக்காரர் ஒரு சதவீதம் வருமான வரியாகவும் பிடிப்பார், அது ரிட்டர்ன் போடும்போது கழிந்துவிடும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போகத்தான் செய்யும். இன்சூரன்ஸில் மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரேயடியாகக் கட்டியாக வேண்டும். ஒரு சன்ரூஃபுக்கும் நாலு ஸ்பீக்கருக்கும் ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சின், இந்த இரண்டும் இருந்தால் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. அந்தக் கணக்குப்படி பத்து லட்சத்துக்கு விற்ற வண்டி ஏறக்குறைய 9.15 லட்சத்துக்கு வர வேண்டும். இங்கே பேசப்போகிற எல்லா வண்டியும் அந்தக் கட்டத்துக்குள்தான் வருகின்றன. கோட்டுக்குச் சற்று மேலே நின்ற சில மேல் ரகங்கள் இதனால் கீழே இறங்கின. கீழே நான் சொல்லும் விலைகள் வண்டி வந்தபோது அறிவித்த எக்ஸ் ஷோரூம் விலைகள், இன்றைய விலையைக் கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். டெல்டாவில் வேகம் என்றால் என்ன? தஞ்சாவூர் – திருச்சி நாலுவழியில் எந்த வண்டியும் நூறில் போகும், அதற்கு ஸ்போர்ட் கார் வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கு வடக்கே சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதியும் 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த ரோட்டை விட்டு இறங்கி நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகிற ரோடு, ஒரு பக்கம் வெண்ணாறோ பாமணியாறோ, இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல், முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி நாற்பதில் உருண்டுகொண்டிருக்கும், அதன் பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் நீங்கள். இருநூறு மீட்டர் நேர் ரோடு கிடைக்கும். அதற்குள் நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போய்த் தாண்டித் திரும்ப உள்ளே வந்துவிட வேண்டும், முடியாதென்றால் பேசாமல் பின்னாலேயே போக வேண்டும். இங்கே பிக்கப் என்பது இந்த நாற்பது – எண்பது விஷயம்தான். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட எத்தனை நொடி என்று யூடியூபில் அளக்கிறார்களே, அது நமக்கு ஒன்றுக்கும் ஆகாது.

அதனால்தான் ஹூண்டாய் ஐ20 என் லைன் பற்றி முதலில் பேசுகிறேன். 998 சிசி டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிப் பலம் கூட்டுகிற எஞ்சின்), மூன்று சிலிண்டர், 120 குதிரைத்திறன். அதைவிட முக்கியம் 172 என்எம் (நியூட்டன் மீட்டர்) இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே முழுசாக வந்துவிடுகிறது. நாலாவது கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் கியர் குறைக்காமலே எழும்பும். மூன்றாவதில் போட்டு மிதித்தால் அத்தான் முன்னால் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். 2021இல் வந்தபோது கிளட்ச் மிதி இல்லாமல் கையால் மட்டும் மாற்றுகிற ஐஎம்டி கியரைக் கொடுத்து ஆசையைக் கெடுத்தார்கள், 2023 செப்டம்பரில் முகம் மாற்றியபோதுதான் ஒழுங்கான ஆறு கியர் மேனுவல் வந்தது, தொடக்க விலை 9.99 லட்சம். ஏழு கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கும் உண்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று ஊர்ந்து பழகியவர்கள் ஆட்டோமேட்டிக் என்றதும் சபலப்படுவார்கள், எனக்கு மேனுவல்தான், விலை கோட்டுக்குக் கீழே நிற்கும் என்பதும் ஒரு காரணம். சாதாரண ஐ20யை விட சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், ஸ்டியரிங்குக்குக் கனம் கூட்டியிருக்கிறார்கள், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். வளைவில் சாயாமல் நிற்பது சுகம். பள்ளத்தில் விழுந்தால் அதே இறுக்கம் இடுப்புக்கு வரும். 195/55 ஆர்16 டயர், அதன் பக்கச் சுவர் ஒல்லி, மழைக்காலத்துக்குப் பிறகு நம் ரோட்டில் தண்ணீர் நிற்கிற குழியை ஆழம் தெரியாமல் இறக்கினால் அலாய் வீல் வளையும். பின்னால் இரட்டைப் புகைக்குழாய், முன்னால் சிவப்பு பிரேக் கேலிப்பர், உள்ளே எல்லாம் கறுப்பு, அங்கங்கே சிவப்புத் தையல். பையனுக்கு இது போதும். சித்திரை வெயிலில் மாட்டுச் சந்தை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து அந்தக் கறுப்பு சீட்டில் உட்காருகிறபோது தெரியும் சேதி.

டாடா ஆல்ட்ராஸ் ரேசர் 2024 ஜூனில் 9.49 லட்சத்துக்கு வந்தது. 1.2 டர்போ, அதே 120 குதிரைத்திறன், 170 என்எம், ஆறு கியர் மேனுவல். பானெட்டிலிருந்து மேற்கூரை வரைக்கும் இரண்டு வெள்ளைப் பட்டை, ஆரஞ்சு வண்டி, கறுப்புத் தலை. திருவிழாவுக்குப் போனால் கூட்டம் சாமியை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கும். எனக்கு அந்த அலங்காரம் கொஞ்சம் ஓவர், பையனுக்கு ஓவரே போதவில்லை. ஓட்டுவதற்கு ஐ20 அளவு கூர்மை இல்லை, ஆனால் மோசமான ரோட்டில் இது நன்றாக உட்காருகிறது. அக்காவின் முட்டிக்கு இதுதான் சரி, கதவு தொண்ணூறு டிகிரிக்குத் திறக்கிறது, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏற வசதி. டிக்கி 345 லிட்டர், இந்தக் கூட்டத்தில் அதுதான் பெரியது. மேல் ரகத்தில் முன் சீட்டில் காற்று வரும், அக்னி நட்சத்திரத்தில் அதன் அருமை புரியும். 2020இல் ஆல்ட்ராஸ் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. புது முக ஆல்ட்ராஸ் 2025 மேயில் வந்துவிட்டதால், ரேசர்தான் வேண்டும் என்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த வருடத்து வண்டி தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாருதி ஸ்விஃப்ட். இதைச் சொன்னதும் பையன் முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் தெருவுக்கு நாலு நிற்கிறது, டாக்ஸியிலும் அதன் தம்பி டிசையர்தான். 2024 மேயில் வந்த நாலாவது தலைமுறை 6.49 லட்சத்தில் தொடங்கியது, வரி குறைந்த பிறகு இன்னும் இறங்கியது. 82 குதிரைத்திறன், 112 என்எம், அதுவும் 4300 சுற்றில்தான் வரும். காகிதத்தில் பார்த்தால் பரிதாபம். ஆனால் வண்டியின் எடை தொள்ளாயிரம் கிலோவை ஒட்டித்தான். தனியாளாக ஓட்டினால் துள்ளுகிறது, ஸ்டியரிங் சொன்ன இடத்துக்குத் திரும்புகிறது, 4.8 மீட்டர் திருப்பு ஆரம், கும்பகோணத்துச் சந்துக்குள் மாட்டிக்கொண்டு எதிரே டாடா ஏஸ் வந்தாலும் பதறாமல் சமாளிக்கலாம். ஐந்து பேர் ஏறி ஏசியும் போட்டுவிட்டால் மட்டும் நெல் லாரியைத் தாண்டுவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். டிக்கி 265 லிட்டர், வாய் உயரம், அரிசிச் சிப்பத்தைத் தூக்கி உள்ளே இறக்குவதற்குள் இடுப்புப் பிடித்துவிடும். நிறுவனம் சொல்லும் மைலேஜ் மேனுவலுக்கு 24.8. ஆறு ஏர்பேக் எல்லா ரகத்திலும் உண்டு. டர்போக்களோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் இரண்டு மூன்று லட்சத்தில் ஒரு போகத்துக்கு உழவும் உரமும் பார்த்துவிடலாம் என்றார் அத்தான். அவர் கணக்கு எப்போதும் அங்கேதான் முடியும்.

அத்தானின் உசரத்துக்கு மாருதி ஃபிராங்க்ஸ் டர்போ இருக்கிறது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் எஞ்சின், 100 குதிரைத்திறன், 147 என்எம், தரையிலிருந்து 190 மில்லிமீட்டர். ஐ20க்கு 170, ஆல்ட்ராஸுக்கு 165, ஸ்விஃப்டுக்கு 163. எண்ணில் இரண்டு செண்டிமீட்டர்தான் வித்தியாசம், எங்கள் ஊரில் தெருக்காரர்களே மண்ணும் ஜல்லியும் கொட்டிப் போட்ட வேகத்தடைகளுக்கு அந்த இரண்டு செண்டிமீட்டர் பெரிய விஷயம். வாய்க்கால் மதகுகளின் கூன் முதுகு வேறு. பின்பக்கம் கூரை சரிவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, சொக்கிப் போவதற்கும் ஒன்றுமில்லை.

தாழ்ந்த வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து உளுந்து, பயறு வரும் காலத்தில் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிதான் கதிரடிக்கும். பேருந்து ஏறிப் போய்விடும். தாழ்ந்த காரில் காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொள்ளும், சூடான புகைக்குழாயில் சிக்கினால் தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கிறது. அந்த மாதங்களில் சுற்றிப் போகிற ரோடு இருந்தால் அதில் போங்கள், இல்லாவிட்டால் தாண்டிய பிறகு இறங்கிக் குனிந்து பாருங்கள். அப்புறம் எலி. வயலை ஒட்டிய வீட்டில் நிறுத்தினால் அறுப்பு முடிந்ததும் எலி கதகதப்பைத் தேடி பானெட்டுக்குள் குடி வரும், ஒயரைக் கடித்து வைக்கும். டர்போ வண்டியில் சென்சாரும் குழாயும் அதிகம், பில்லும் அதிகம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும், அடிப்பக்கத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு அடிப்பது வீண் செலவில்லை.

நடுவில் ஒரு ஏக்கம். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி என்று ஒன்று விட்டார்கள், 114 குதிரைத்திறன், ஏழு லட்சத்துக்குள் விலை. நம் ஊர்க்காரர்கள் கை வைத்த வண்டி. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. ஃபோக்ஸ்வாகன் போலோவும் 2022இல் போய்விட்டது. வாங்குகிறவர்கள் எல்லோரும் உசரமான வண்டிக்குப் போய்விட்டதால் இப்போது துள்ளல் வேண்டும் என்பவனுக்கு இரண்டு மூன்று பெயர்கள்தான் மிச்சம். ஐ20 என் லைன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது, அது ஒரு சின்ன ஆறுதல்.

சரி, முடிவு. பையன் ஐ20 என் லைன் மேனுவல் எடுக்கலாம், பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே இருக்கும் ரகத்தில், சன்ரூஃப் பற்றிப் பேச்சே எடுக்காமல். அவன்தான் ஓட்டப் போகிறான், அவன்தான் தவணை கட்டப் போகிறான். அப்பா அம்மாவைப் பாதி நாள் இந்த வண்டியில்தான் கூட்டிப் போக வேண்டும் என்றால் ரேசர், நல்ல வருடத்து வண்டி கிடைத்தால். எனக்கென்று கேட்டால் ஸ்விஃப்ட் எடுத்துவிட்டு மிச்சப் பணத்தைப் பேங்கில் போடுவேன், ஆனால் எனக்கு இருபத்தாறு வயது இல்லை. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஷோரூம் பையன் பைபாஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டு "எப்படி சார்" என்பான், அதில் ஒன்றும் தெரியாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மதகும் இரண்டு வேகத்தடையும் இருக்கிற ஊர் ரோட்டுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள்.

வாங்குகிற நேரமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் புது வண்டி எடுக்க மாட்டார்கள், அதனாலேயே ஷோரூமில் ஈயோட்டிக்கொண்டிருப்பார்கள், பேசினால் இறங்கி வருவார்கள். மார்கழியோடு டிசம்பரும் சேர்ந்து வருவதால் அந்த வருடத்து வண்டியைத் தள்ளிவிடும் அவசரமும் அவர்களுக்கு இருக்கும். மார்கழியில் விலையைப் பேசி எழுதி வாங்கி முன்பணம் கட்டிவிட்டு, தை பிறந்ததும் வண்டியை எடுக்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பதிவு எந்த வருடத்தில் விழும், தயாரித்த மாதம் எது, இரண்டையும் பில் போடுவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிறத்தை மட்டும் நான் சொல்ல மாட்டேன், அதில் தலையிட்டால் இரண்டு வீட்டிலும் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.