கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு

ஜூலை 19, 2025, சனி

சிதம்பரத்தில் அத்தான் நடத்தும் வாடகை நூலகத்தில் இப்போதெல்லாம் சாயங்காலம் நான்தான் உட்காருகிறேன். அலமாரிகளில் சமூகம், குடும்பம், துப்பறிதல், சரித்திரம் என்று அட்டை ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "விறுவிறுன்னு ஒண்ணு குடும்மா" என்பார்கள். "அழுகாச்சி வேண்டாம்" என்பார்கள். யார் எதை, ஏன் கேட்கிறார்கள் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இன்று கார்டு சார் வந்தார். சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். க்ரைம் நாவல் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வேறு வண்டிக்கு வழிவிட வண்டியை லூப் லைனில், அதாவது பக்கத்துத் தண்டவாளத்தில், ஒதுக்கிப் போட்டுவிட்டால் எப்போது சிக்னல் விழும் என்று தெரியாதாம். அந்த நேரத்துக்கு மாத நாவல்தான் கச்சிதம், உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும் என்றார். ராஜேஷ்குமார் என்றால் உயிர். ஒரு அத்தியாயத்தில் ஒரு ஊர், ஒரு குடும்பம். அடுத்ததில் சம்பந்தமே இல்லாத வேறு ஆட்கள். "ரெண்டு லைனும் எங்க வந்து சேருதுன்னு அவர் சொல்றதுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சுட்டா அன்னைக்கு நல்லாத் தூங்குவேன்."

போன தடவை அவர் எடுத்துப் போன புத்தகத்தின் முதல் பக்கத்தில் எவனோ பென்சிலால் 'டாக்டர்தான் கொலைகாரன்' என்று எழுதி வைத்திருக்கிறான். படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடகை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூலை 23, புதன்

டீச்சரம்மா கார்டு சாருக்கு நேர் எதிர். ரமணிசந்திரன் நாவல் எதை எடுத்தாலும், நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். "முடிவு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் படிக்க என்ன இருக்கு டீச்சர்?" என்று கேட்டேன்.

"சேருவாங்கன்னு தெரிஞ்சாத்தான் நடுவுல சண்டை போடுறதை நிம்மதியா ரசிக்க முடியும். என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு வீட்டுலயே விஷயம் இருக்கு."

இந்த மாதிரி நாவல்களை இளப்பமாகப் பேசுகிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரே கதையைத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள் என்பது அவர்கள் புகார். ஒரே ராகத்தை எத்தனை கச்சேரியில் பாடினாலும் உட்கார்ந்து கேட்கிறார்கள், அது மட்டும் ரசனையா? டீச்சரம்மா கதாநாயகன் எந்த அத்தியாயத்தில் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிறான் என்பதை வைத்தே ஒரு நாவலை எடை போடுகிறார். சீக்கிரம் கேட்டுவிட்டால் அது சப்பை நாவல்.

ஜூலை 28, திங்கள்

கூட்டம் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன் ஒருவன் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் திருப்பிக் கொடுத்தான். கதை நடக்கும் வருஷத்தையே நாம் தாண்டிவிட்டோம், இன்னும் ஜீனோ மாதிரி பேசுகிற நாய் வரவில்லை என்று அவனுக்குக் குறை. இந்திரா சௌந்தர்ராஜன் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். போன நவம்பரில் அவர் காலமான பிறகு கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சாமியா, ஆசாமியா என்று கடைசி வரை இழுப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அத்தான் ஒரு பழைய பைண்டு வாங்கி வந்தார். 'பொன்னியின் செல்வன்' 1950இல் கல்கியில் தொடராக ஆரம்பித்து 1954 வரை வந்ததல்லவா, அதை வாரா வாரம் கிழித்துத் தைத்த ஒரு பாகம். மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கின்றன. எங்கள் வங்கி மாமா, சரித்திரக் கதை தவிர வேறு படிக்காதவர், அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்!

வாரம் ஒரு அத்தியாயம், நடுவில் ஏழு நாள் காத்திருப்பு. கதை முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் என்பதை மட்டும் அவர் அடித்துச் சொல்லவில்லை. மாமாவுக்கு அதுதான் பிடிக்கும். "சொல்லியிருந்தா ஒரு தடவை படிச்சிருப்பேன். சொல்லாததாலதான் ஆடிக்கு ஆடி படிக்கிறேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

மாமாவும் மாமியும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வீராணம் போனார்கள். கதை ஆடிப் பதினெட்டு அன்று இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருவான். ஏரித் தண்ணீர் வெளியேற எழுபத்து நான்கு கணவாய் என்று கல்கி எழுதியதை மாமா கரை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களை மாதிரி இன்னும் சிலர் கையில் புத்தகத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். க்ரைம் நாவல் வாசகர் யாரும் கொலை நடந்த லாட்ஜைத் தேடிப் போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சரித்திர நாவலுக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது.

மாமி கலந்த சாதம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில். உடையார்குடிக் கல்வெட்டு என்பது இங்கேதான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் தரப்பினரின் நிலம் கைமாறியதைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாத இடத்தில்தான் ஐந்து பாகம் உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

கல்வெட்டுக் கதையைக் கார்டு சாரிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சரித்திர அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"கொன்னவன் பேரு இருக்கு, நிலம் போனது இருக்கு. மோட்டிவ் இல்லையா?"

"இல்லை சார்."

"விசாரணை பண்ணின அதிகாரி யாரு?"

"அதுவும் இல்லை."

முதல் பாகத்தை எடுத்துக் கனம் பார்த்தார். டீச்சரம்மா பக்கத்தில் நின்று ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை, வைத்துவிட்டார்.

"அஞ்சையும் படிச்சு முடிச்சும் கொலைகாரன் யாருன்னு தெரியலைன்னா வாடகையைத் திருப்பித் தருவியாம்மா?" என்றார் கார்டு சார். அத்தானைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.