ரிப்பன் கேக்கும் ஒரு முழுக்கோடும்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருப்பார்கள். நான் எங்கள் புவியியல் சேரைப் பற்றி எழுதுகிறேன்.

உயர்தர வகுப்புக்கு வரும்போது ஓரங்குலப் படத்தில் (ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் தரைப்படம்) ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை ஒருவாறு பழகியிருந்தோம். அதன்மேல் பாறைகளை நிறம் நிறமாகப் பூசிய படம் வந்ததும் தலை சுற்றியது. இந்தப் பச்சைப் பட்டை ஏன் பள்ளத்தாக்குக்கு வந்ததும் ஆங்கில 'வி' போல மடங்குகிறது? ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் சேர் வெள்ளவத்தையில் வாங்கிய, நிறம் நிறமாக அடுக்கிய ரிப்பன் கேக்கோடு வந்தார். நடுவே ஒரு பள்ளத்தாக்கு வெட்டினார்: ஆறு தொடங்கும் முனையில் மேலோட்டமாக, அது ஓடி இறங்கும் முனையில் ஆழமாக. "மேலேயிருந்து பாரும்." ரோஸ் நிற அடுக்கு வி வடிவில் மடங்கி, கூர் ஆற்றின் மேற்பக்கம் காட்டியது. இன்னொரு துண்டை, லொக் புத்தகத்தின் மேல் ஆறு ஓடும் பக்கமாக நன்றாகச் சரித்து வைத்துவிட்டு வெட்டினார். கூர் கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டது. அப்புறம் பாறைகளை நாங்களே தின்றோம்.

சரி, வாசித்தது போதும், வரையுங்கள் என்று ஒரு சனிக்கிழமை ரயிலில், கொழும்புக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள கல்கிசைக்குக் கூட்டிப் போனார். கலை பற்றி எழுதியவராக மட்டும் நாங்கள் அறிந்திருந்த ஆனந்த குமாரசாமி, 1903 இல் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளரானவர் என்பதை அந்த ரயிலில்தான் கேள்விப்பட்டோம். 1877 இல் கொழும்பில் பிறந்தவராம். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

கடலோரப் பாறையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். ஒரு பட்டையின் தட்டையான முகத்தில் சேர் சோடாப் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அது வழிந்த பக்கம் சாய்வு. அதற்குச் செங்குத்தாகக் குறுக்கே போட்ட கோடு பாறைப் படையின் போக்கு. திசைக்குத் திசையறிகருவி; கோணத்துக்குப் பாகைமானியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஈயக்குண்டு. படத்தில் நீளக்கோடு, அதன் நடுவில் சாயும் பக்கம் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் பாகை. நான் சின்னக் கோட்டை மறுபக்கம் போட்டுவிட்டேன். "தம்பி, உம்முடைய கல்கிசை கவிழ்ந்து கிடக்கு" என்றார்.

அதைத் திருத்திவிட்டேன். பெரிய பிழை வேறு. பாறை தெரிந்தது கடலோரத்தில் மட்டும். உள்ளே போனால் வீடும் மதிலும், பாறையை மூடிய கபுக்கல் என்ற செம்மண் கல்லும்தான். நான் பாறை எல்லையை அந்த வீடுகளுக்கு அடியாலும் ஒரே முழுக்கோடாக இழுத்து, வடிவாக நிறமும் தீட்டியிருந்தேன்.

"இதுக்குள்ள போய்ப் பார்த்தனீரோ?"

"இல்லை சேர்."

"அப்ப முழுக்கோடு என்னத்துக்கு?"

அவர் திட்டவில்லை. அழிறப்பரின் மூலையால் என் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு அழித்து முறிகோடாக்கினார். நான் பாறையை நேரில் கண்ட இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

அந்தப் படம் என்னோடு லண்டனுக்கு வந்தது. நிறம் மங்கிவிட்டது. அவர் அழித்த இடங்களில் கடதாசி இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.