செங்காயும் மூன்று டப்பாக்களும்: தக்காளி பழுப்பதைச் சோதித்த குறிப்பு

மாடித்தோட்டத்துத் தக்காளிக்கு, காய்களைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்க்கலாம் என்று சித்திரையில் நான் செய்த முதல் சோதனை படுதோல்வி. கனிந்த வாழைப்பழத்தோடு சேர்த்து மூடி வைத்த முற்றிய காய்கள்கூடச் சிவக்காமல், வெளிறிய ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிட்டன. வாயு போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பழங்களைச் சேர்த்தேன், பயனில்லை. உண்மையில் காரணம் வெயில்தான். வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தக்காளியில் லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறமி உருவாவது தடைபடுகிறது. கரோட்டின் என்னும் ஆரஞ்சு நிறமி உருவாவது அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. எனவே கார்த்திகை வரை பொறுத்திருந்தேன்.

இரண்டாம் முறை, ஒரே நாளில் பறித்த நாட்டுத் தக்காளிக் காய்களை மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தேன். முதலாவதில் காய்கள் மட்டும் இருந்தன. இரண்டாவதில் ஒரு வாழைப்பழமும், மூன்றாவதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய சாக்பீஸ் துண்டுகளும் இருந்தன. பெர்மாங்கனேட் எத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்து அழித்துவிடும். டப்பாவுக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, தினமும் காலையில் மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்தேன். அரிசிப் பானைக்குள் சப்போட்டாவைப் புதைத்து வைக்கும் பழைய வழக்கமும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். பழம் விடும் வாயு வெளியேறாமல் அதைச் சுற்றியே தங்குகிறது.

வாழைப்பழம் வைத்த டப்பாவில் மூன்றாம் நாளே செங்காய் தென்பட்டது. தனியாக வைத்தவை ஆறாம் நாளில்தான் நிறம் மாறத் தொடங்கின. சாக்பீஸ் டப்பாவில் ஒரேயொரு காய் மட்டும் நான்காம் நாளிலேயே சிவந்தது எனக்குப் புரியவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் என் நகம் பட்ட கீறல் இருந்தது. காயம்பட்ட திசு தானே எத்திலீனை உண்டாக்கும் என்பதைப் படித்திருந்தும், பறிக்கும்போது கவனிக்காமல் விட்டது என் தவறு.

இதையெல்லாம் ஒழுங்காகப் புரிந்துகொள்ள, எத்திலீன் பழத்தை உந்தித் தள்ளுகிறது என்ற எண்ணத்தை முதலில் நான் கைவிட வேண்டியிருந்தது. செல்லில் எத்திலீனை உணர்வதற்கென இருக்கும் ஏற்பிகள் என்னும் புரதங்கள் வாயு இல்லாதபோதுதான் மும்முரமாக வேலை செய்கின்றன. அவை சி.டி.ஆர்.1 என்னும் புரதத்தை விழிப்பாக வைத்திருக்க, அது இ.ஐ.என்.2 என்ற அடுத்த புரதத்தைக் கட்டிப்போடுகிறது. வாயு ஏற்பியில் ஒட்டியதும் அந்தக் காவல் தளர்கிறது, இ.ஐ.என்.2 புரதத்தின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு உட்கருவை அடைய, அங்கே பழுப்பதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. 1995இல் காரணம் கண்டறியப்பட்ட ‘நெவர் ரைப்’ மரபணு மாற்றம் இதற்கு நல்ல சான்று. அந்தத் தக்காளியின் ஏற்பியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் எத்திலீன் அதில் ஒட்டுவதில்லை, தடை நீங்குவதேயில்லை. அந்தப் பழத்துக்கு எத்தனை வாழைப்பழம் துணை வைத்தாலும் அது சரியாகச் சிவக்காது.

நான் சேர்த்து வைத்த இரண்டு பிஞ்சுகள் வாழைப்பழத்தின் அருகிலிருந்தும் பழுக்காமல் சுருங்கிப்போயின. வாயு மட்டும் போதாது, காயும் முற்றியிருக்க வேண்டும் என்பதை இது காட்டியது. பழுக்கும் பருவத்தைத் தொடங்கி வைப்பதில் ‘ரின்’ என்ற மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. 2002இல் இது கண்டறியப்பட்டபோது, இது இல்லாவிட்டால் பழுப்பதே நடக்காது என்று கருதப்பட்டது. ஆனால் 2017இல் மரபணுத் திருத்தத்தால் இதைச் செயலிழக்கச் செய்த தக்காளிகள் பாதியளவுக்கேனும் பழுத்தன. முந்தைய கருத்துக்கு அடிப்படையாக இருந்த, பழுக்காத ‘ரின்’ தக்காளி வகையில் இந்த மரபணு பக்கத்து மரபணுவோடு ஒட்டிப்போய், பழுப்பதை எதிர்க்கும் புரதமாகவே மாறியிருந்தது என்று அதன்பின் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் நிலைத்த கருத்து இப்படித் திருத்தப்பட்டது, என் சித்திரைத் தோல்விக்குச் சற்று ஆறுதல் அளித்தது.

கடைசியாக, இரண்டாம் டப்பாவில் நிறம் மாறத் தொடங்கியிருந்த நான்கு காய்களை எடுத்து, புதிய சாக்பீஸ் துண்டுகளோடு மூடி வைத்தேன். அவை நிற்கவில்லை, சற்றுத் தாமதித்தாலும் முழுதாகச் சிவந்தன. முற்றிய காய் ஒருமுறை எத்திலீனை உணர்ந்துவிட்டால், ஏ.சி.சி. என்னும் மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதியின் மரபணுக்கள் பெருமளவில் இயங்கி, பழம் தனக்கு வேண்டிய எத்திலீனைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருக்கும் வாயுவை நான் அகற்றினாலும் சதைக்குள் ஊறுவதை எட்ட முடியாது. ஊதா நிறச் சாக்பீஸ் துண்டுகளின் மேற்புறம் ஒரு வாரத்தில் பழுப்பாகியிருந்தது. காலி டப்பாவில் வைத்த துண்டுகள் ஏறக்குறைய ஊதாவாகவே இருந்தன. பழத்தின் வேறு ஆவிகளும் பெர்மாங்கனேட்டை நிறம் மாற்றக்கூடும் என்பதால், இதை மட்டும் எத்திலீனுக்கான சான்றாக நான் எழுதி வைக்கவில்லை.