வியாழக்கிழமை பேண்டு

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து பெதஸ்டாவில் ஒரு கிளையன்ட் ஆபீஸில் இருந்தேன். ஒரே வாரத்தில் என் டீமில் மூன்று பேர் பேப்பர் போட்டார்கள். புதிதாக வரும் மூவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்து, எதுவுமே நடக்காத மாதிரி காட்ட வேண்டியது என் பொறுப்பு. போகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கிளையன்ட் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வீட்டில் பேஞ்சோ என்ற கம்பி வாத்தியம் வாசிப்பவர், அதை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஊர் பேண்டு ஒன்றுக்கும் இதே கதி வந்தது" என்றார்.

அவர் சொன்னது, புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற வகை இசை வாசிக்கும் 'செல்டம் சீன்' குழுவை. 1971இல், இதே பெதஸ்டாவில், பேஞ்சோக்காரர் பென் எல்ட்ரிஜ் வீட்டு நிலவறையில் தொடங்கியது. பென் கணிதவியலாளர். டோப்ரோ என்கிற ஒரு வகை கிடார் வாசித்த மைக் ஆல்ட்ரிஜ், வாஷிங்டன் ஸ்டார் பத்திரிகையில் வரைகலைஞர். பாஸ் வாசித்த டாம் கிரே, நேஷனல் ஜியாகரஃபிக்கில் வரைபடம் போடுபவர். பாடகர் ஜான் ஸ்டார்லிங் காது மூக்கு தொண்டை மருத்துவர். மாண்டலின் ஜான் டஃபி முன்பே பெயர் வாங்கியவர். ஊர் ஊராக அலைந்து சலித்து, பழைய குழுவை விட்டு வந்து, வாத்தியங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் வேலையை விடுவதாக இல்லை. வாரத்தில் ஒரு ராத்திரி வாசிப்பது, அவ்வளவுதான். 'அபூர்வமாகத்தான் கண்ணில் படுவீர்கள் போல, செல்டம் சீன்!' என்று டஃபியின் பழைய குழுத் தோழர் கிண்டலடித்ததே பெயராகிவிட்டது. பெதஸ்டாவில் ரெட் ஃபாக்ஸ் இன், பிறகு பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் பர்ச்மியர் என்ற கச்சேரி அரங்கு. அங்கே பல வருஷம் வியாழக்கிழமை என்றால் இவர்கள்தான்.

டாக்டர் 1977இல் விலகினார், டாம் கிரே 1987இல். அதெல்லாம் ஒவ்வொருவராகப் போனது, தாங்கிக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் நடுவில்தான் ஆல்ட்ரிஜ் உட்பட மூன்று பேர் சேர்ந்தாற்போல் வேறு குழு அமைத்துப் போனார்கள். மிஞ்சியவர்கள் டஃபியும் பென்னும். டட்லி கானல், ஃபிரெட் டிராவர்ஸ், ரானி சிம்ப்கின்ஸ் என்று மூவர் வந்தார்கள். சுமார் ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும், 1996 டிசம்பரில் டஃபி மாரடைப்பில் போய்விட்டார். கடையை மூட அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. மூடவில்லை. முன்பு கொஞ்ச காலம் இருந்து போன லூ ரீட் திரும்பி வந்தார்.

பெரியவர் ஒரு நாள் என்னை பர்ச்மியருக்குக் கூட்டிப்போனார். அங்கே கச்சேரி நடக்கும்போது பேசக்கூடாது. சபாவில் போண்டா வாசனையோடு வளர்ந்த எனக்கு அதுவே விநோதம். டோப்ரோவை மல்லாக்கத் தொங்கவிட்டு, இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்துகிறார்கள். கோட்டுவாத்தியம் போலக் குழைகிறது. நான் பென்னின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் என்கிற மீட்டும் நகம் மாட்டிய கை அசைவதே தெரியவில்லை, ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம் மட்டும் வந்தது. ஐந்து பேரில் ஆரம்பத்திலிருந்து இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"புதுசா வந்தவங்க பழைய ஆள் மாதிரியே வாசிக்கிறாங்களா?" என்று இடைவேளையில் பெரியவரிடம் கேட்டேன். "அப்படி வாசித்தால் நான் ஏன் டிக்கெட் எடுக்கிறேன்? வீட்டில் ரெக்கார்டு இருக்கே" என்றார்.

2016இல் பென்னும் ஓய்வு பெற்றார். ரானியின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ரிக்கி பேஞ்சோவை எடுத்துக்கொண்டார்.

என் எக்செல்? புதுப் பையன் ஒருவன் இரண்டாவது வாரமே கம்ப்யூட்டரில் ராத்திரி தானாக ஓடும் ஜாப்களின் வரிசையை மாற்றி வைத்தான். கத்தத்தான் எழுந்தேன். காலையில் எட்டரைக்கு வரும் ரிப்போர்ட் அன்று ஏழே முக்காலுக்கே வந்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.